நாலாம் சுற்றில் ஒரு மாப்பிள்ளை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இந்த வருஷம் அணியை நான்தான் நடத்தப்போகிறேன். இட்லித் தட்டை வைக்கும்போதே இவரிடம் சொல்லிவிட்டேன். “சரி” என்றார். சட்னியை மட்டும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். எங்கள் ஒஹாயோ ஊரின் தமிழ்ச் சங்கத்தில் செயலாளர் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. யார் வருகிறீர்கள் என்று பொதுக்குழுவில் கேட்டால் முந்நூறு பேரும் செருப்பைப் பார்ப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன் தலைவர் மயில்சாமி ஒரு வழி கண்டுபிடித்தார். சங்கத்தில் எட்டு வீட்டு ஆண்கள் ஃபேன்டசி ஃபுட்பால் ஆடுகிறார்கள். காலால் உதைப்பதல்ல, கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஃபுட்பால். நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பேராகப் பங்குபோட்டுக்கொள்வது. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஓடுவதற்கும் பிடிப்பதற்கும் இங்கே சோபாவில் இருக்கும் இவர்களுக்குப் புள்ளி. வாரம் ஒரு வீட்டோடு மோதல். சீசன் முடிவில் யார் கடைசியோ அவர்தான் அடுத்த வருஷச் செயலாளர். தண்டனை.

என் வீட்டுக்காரர் தாணுமாலயன் தொடர்ந்து மூன்று வருஷம் கடைசி. மூன்று வருஷச் சனிக்கிழமைகளும் சங்கத்துக்குப் போயின. ஹால் சாவி வாங்க, சாம்பார் அண்டா திருப்பிக் கொடுக்க, மைக் டெஸ்ட் பண்ண. பையன் கல்லூரிக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் அண்டாவோடு அலைகிறார்.

எனக்குச் சனிக்கிழமை வேண்டும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

நான் வேலை பார்ப்பது டிரைவிங் லைசென்ஸ் கவுண்டரில். மனுஷன் வரிசையில் நிற்கும் விதத்திலேயே பார்க்கிங்கில் இடிப்பானா மாட்டானா என்று எனக்குத் தெரியும். தவிர, நாகர்கோவில் சொந்தத்தில் இங்கிருந்தே போனில் ஏழு கல்யாணம் முடித்து வைத்திருக்கிறேன். ஆறு ஓஹோ. ஏழாவதில் பையன் பொய் சொல்லிவிட்டான், அது கணக்கில் வராது. ஆள் எடை போடுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டு நாளாக வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். எனக்குப் பிடித்துப்போன வேலை டைட் எண்டு. பாதி நேரம் எதிராளி உள்ளே வராமல் உடம்பால் தடுத்து நிற்க வேண்டும். மீதி நேரம் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் புள்ளி. தடுத்ததற்கு ஒரு புள்ளியும் கிடையாது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, இது மூத்த மருமகள் வேலை.

இதில் நல்ல ஆள் அகப்படுவது குதிரைக்கொம்பாம். ஆகவே, பெயரெடுப்பதற்கு முன்பே ஒரு பையனைப் பிடித்துப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கிடைத்துவிட்டான். ப்ரென்னன் ஓக்லி. வயது இருபத்து மூன்று, நல்ல உயரம், மேற்குப் பக்கத்து அணி. போன வருஷம் அவன் பிடித்த பந்துகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்த்தது வேறு. பந்து வருகிறதோ இல்லையோ, இவன் ஒவ்வொரு தடவையும் ஆளில்லாத இடத்தில் போய் நிற்கிறான். பந்து எறிகிறவன் இவன் பக்கம் திரும்புவதே இல்லை, பழக்கதோஷத்தில் அந்தப் பழைய டைட் எண்டுக்கே எறிகிறான். பழையவருக்கு முப்பத்து நாலு வயது, முழங்காலில் பட்டை. மாமியார் அடுப்படியை விட்டு நகர்ந்தால்தானே மருமகள் கைமணம் தெரியும்?

தவிர, இது அவனுக்கு இரண்டாம் வருஷம். முதல் வருஷத்தில் எந்தப் புது மருமகளுக்கும் பெருங்காயம் எந்த டப்பாவில் என்று தெரியாது.

குடும்பத்தையும் விசாரித்துவிட்டேன். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஒரு பேட்டியில், பையன் நல்லா ஆடினானே என்று கேட்டதற்கு, “ரெண்டு தடவை தடுக்காமல் விட்டுவிட்டான்” என்கிறாள். இந்த அம்மா வளர்த்த பிள்ளை வீண்போகாது. முடித்துவிடலாம்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மயில்சாமி வீட்டு பேஸ்மென்டில் ஆள் பொறுக்கும் வைபவம். சுற்றுக்கு ஒருவராக வரிசையாக எடுக்க வேண்டும். தலைவர் ஆடுவதில்லை, நடத்துவதோடு சரி. அணி இவர் பெயரில்தான். மூளை மட்டும் என்னுடையது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டேன்.

முதல் மூன்று சுற்றில் எல்லாரும் எடுப்பதுபோல் எடுத்தேன். நாலாம் சுற்றில் எழுந்து நின்று, “ப்ரென்னன் ஓக்லி” என்றேன்.

பல் டாக்டர் ஞானராஜ் கையிலிருந்த முறுக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டைக் கலியமூர்த்தி தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, அவன எனக்குன்னு வச்சிருந்தேன். இப்புடி பொசுக்குன்னு எடுத்துட்டீங்களே!”

“நானுந்தான் சிஸ்டர், குறிச்சு வெச்சிருந்தேன்” என்றார் டாக்டர்.

பார்த்தீர்களா? விவரமானவர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறான். நான் முந்திக்கொண்டேன். இவர் மட்டும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவர் எனக்குக் கைகுலுக்கியது இதுதான் முதல் தடவை. “சூப்பர் செலக்‌ஷன் பகவதி” என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ப்ரென்னன் ஒரே ஒரு பந்து பிடித்தான். பரவாயில்லை. தடுப்பு பிரமாதம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பிடிக்கவே இல்லை. பழைய ஆளுக்கே ஏழு தடவை எறிந்தான்கள். டீவியைப் பார்த்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. இவர் எனக்குச் சுக்குக் காப்பி போட்டுத் தந்து, “பொறுமையா இரு, நல்ல பையன், விட்டுராத” என்று தேற்றினார். என்ன இருந்தாலும் என் மனுஷன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வயிற்றெரிச்சல். இன்று ப்ரென்னன் நாலு பந்து பிடித்தான், அதில் ஒன்று டச்டவுன், கடைசிக் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோனால் கொத்தாகப் புள்ளி. நான் குதித்த குதியில் கீழ்வீடு ஒன்று இருந்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். போனில் புள்ளிக்கணக்கு ஆப்பைத் திறந்தால், நான் காலையில் ஆட்டத்தில் வைத்த பையன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சில் இருப்பவன் என்ன சாதித்தாலும் புள்ளி வராது. ஆட்டம் தொடங்கிவிட்டால் மாற்றவும் முடியாது. தோற்றோம்.

“ஆப்புல ஏதோ கோளாறு போல” என்றார் இவர். போனில் வேறு விளம்பரம் விளம்பரமாக வருகிறது. வைரஸாக இருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

கலியமூர்த்தி போன் பண்ணினார். தன்னுடைய ஆகச்சிறந்த ஓட்டக்காரனைத் தருகிறாராம், பதிலுக்கு ப்ரென்னனைக் கொடுத்தால் போதுமாம். இப்படி ஒரு ஏமாந்த சோணகிரியை நான் கண்டதில்லை. ஆனாலும் கொடுக்க மாட்டேன் என்றேன். வாக்கு வாக்குதான்.

“யோசிச்சு சொல்லுங்கம்மா. இன்னொரு ஆளயும் சேத்துத் தர்றேன்.”

பாவம், ஆட்டமே தெரியவில்லை அவருக்கு. பட்டியலில் நாங்கள் எட்டாவது, அவர் ஏழாவது, டாக்டர் ஆறாவது. மூன்று பேரும் கடைசி இடத்தில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று உயிரைக் கொடுத்துப் போராடிக்கொண்டிருக்கிறோம்.

அக்டோபர் 18, சனி

சங்கத் தீபாவளி விழா. பாவம் இவர், காலை ஆறு மணிக்கே எழுந்து ஜிப்பாவை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். பாத்ரூமில் “அவையோருக்கு வணக்கம்” என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தது காதில் விழுந்தது. பதற்றம்.

ஹாலில் கூட்டம் நெரிந்தது. இவர் மைக்கில், வெள்ளை டொயோட்டாவை வழியில் நிறுத்தியிருப்பவர் உடனே எடுக்கவும் என்றார். எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறமும் இரண்டு தடவை அதையே சொன்னார். கடமை என்று வந்துவிட்டால் எதையும் அரைகுறையாக விட மாட்டார். மேடையிலிருந்து இறங்கியபோது முகமெல்லாம் வேர்வை, கன்னமெல்லாம் சிவப்பு. எவ்வளவு கஷ்டம் மனுஷனுக்கு! உன்னை இதிலிருந்து விடுவித்தே தீருவேன் என்று லட்டுத் தட்டைப் பிடித்தபடி மனசுக்குள் சபதம் செய்துகொண்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

மறுபடி பெஞ்ச். மறுபடி வைரஸ். போனை மாற்ற வேண்டும்.

இந்த வாரம் எங்களோடு மோதிய டாக்டர் ஞானராஜ் இன்னும் மோசம். காலில் மாவுக்கட்டு போட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனை ஆட்டத்தில் வைத்திருந்தார். மனசு கேட்காமல் காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னேன்.

“அய்யய்யோ, கவனிக்கவே இல்ல சிஸ்டர். ரொம்ப தேங்க்ஸ்.”

மத்தியானம் பார்த்தால் மாவுக்கட்டு அங்கேயே இருக்கிறது. அதோடு, மாமனார் இறந்து ஊருக்குப் போன ஒருவனையும் சேர்த்திருக்கிறார். இந்த ஆள் எப்படிச் சரியான பல்லைப் பிடுங்குகிறாரோ! பெஞ்சில் ஆளை விட்டும் நாங்கள்தான் ஜெயித்தோம்.

நவம்பர் 9, ஞாயிறு

பழைய டைட் எண்டுக்கு முழங்கால் போய்விட்டது. இந்த சீசன் இனி இல்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. அஞ்சு நிமிஷம்.

இனி ப்ரென்னன்தான். நான் ஆகஸ்டில் சொன்னதை இன்று டீவியில் நாலு கோட்டு சூட்டு மேசை போட்டு உட்கார்ந்து சொல்கிறார்கள்: இந்தப் பையன் எப்போதும் ஆளில்லாத இடத்தில் நிற்கிறானாமே! என்னைக் கேட்டிருந்தால் இட்லி சாப்பிடும் நேரத்தில் சொல்லியிருப்பேனே.

இவருக்குப் பசியில்லை என்று படுத்துவிட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

ப்ரென்னன் எட்டு பிடி. ஜெயித்தோம். இவருக்கு ஜலதோஷம்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்பது பிடி. நாள் முழுக்க போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தேன். வைரஸ் வரவில்லை. இவர் பின்வாசலில் போய் நின்று இலையில்லாத மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதவே மனசில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போனவள் பர்ஸை மறந்து பாதியில் திரும்பினேன். காரேஜ் கதவைத் திறந்தால், இவருடைய கார் உள்ளே நிற்கிறது, என்ஜின் ஓடவில்லை, டிரைவர் சீட்டில் இவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சுவலியோ என்று பதறிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். துள்ளி விழுந்தார். கையில் அவருடைய போன். அதில் எங்கள் அணி. என் ப்ரென்னன் பெஞ்சில்.

“என்ன செய்யுகீங்க?”

“தூசி தட்டினேன்.”

“போனுக்குள்ளயா?”

அப்புறம் எல்லாம் வந்தது. முதல் வருஷம் நிஜமாகவே தோற்றாராம். அடுத்த இரண்டு வருஷமும் வேண்டுமென்றே. ஆகஸ்டில் நான் ப்ரென்னனை எடுத்தபோது அவர் கைகுலுக்கியது, இவனை வைத்துக்கொண்டு எவனாலும் ஜெயிக்க முடியாது என்கிற சந்தோஷத்தில்.

“என்னத்துக்கு இப்படி? அந்த அண்டா தூக்குகதுலயா சுகம்?”

ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆபீஸ்ல பதினேழு வருஷமா நான் டோனி. வாயத் தொறந்தா ‘நல்ல பாயிண்ட் டோனி’ம்பான். ஒடனே அடுத்த ஆளு பேச ஆரம்பிச்சிருவான். இங்க மைக்கப் புடிச்சா முந்நூறு பேரு திரும்பிப் பாக்கான், பகவதி. செயலாளர் தாணுமாலயன் அவர்களேன்னு முழுப்பேரச் சொல்லுகான்.”

“ஆசைன்னா கேட்டிருக்கலாம்லா?”

“பதவிய எவனாவது கேட்டு வாங்குவானா? அசிங்கம்லா. எல்லாரும் புடிச்சுத் தள்ளணும். நாம வேண்டாம் வேண்டாம்னு சொல்லணும். அதுதான மொறை?”

“அப்ப எனக்கு? எனக்கு ஒங்க சனிக்கிழமை வேணும்னு ஒரு நாளாவது நெனச்சீங்களா?”

“நீ சொல்லவே இல்லியே.”

“அத எவளாவது கேட்டு வாங்குவாளா?”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. திறந்திருந்த காரேஜ் கதவுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது.

டிசம்பர் 3, புதன்

பேசவில்லை. ரசம் மட்டும் வைத்தேன்.

கோபம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மேற்குக் கரையில் இருக்கும் ஒரு பையன் எங்கே நிற்கிறான், எப்போது திரும்புகிறான், அவன் அம்மா என்ன சொன்னாள் என்று நாலு மாசம் உட்கார்ந்து படித்தேன். என் வீட்டு மனுஷன் மைக்குக்கு முன்னால் சந்தோஷத்தில் சிவந்து நின்றதைப் பார்த்து வேர்வை என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏழு கல்யாணம் முடித்தவளாம். நல்ல லட்சணம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கடைசி வாரம். கலியமூர்த்தியோடு மோதல். இரண்டு வீடும் அடிமட்டத்தில் சமம். தோற்றவர் செயலாளர்.

காலையில் இவர் தன்னுடைய போனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “ஒன் இஷ்டம். நான் தொட மாட்டேன்” என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் ப்ரென்னனை பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம் என்றுதான் விரலைக் கொண்டுபோனேன். மாட்டேன் என்கிறது விரல். ஊரே வேண்டாம் என்றபோது நான் பார்த்து நிச்சயம் பண்ணிய பையன். தாலி கட்டும் நேரத்தில் வாசலில் நிறுத்துவதா? ஆட்டத்தில் வைத்தேன். வைத்துவிட்டு இவரிடம், “வேற வழி இருக்கு, பொறுங்க” என்றேன். என்ன வழி என்று அப்போது எனக்கே தெரியாது.

ப்ரென்னன் மூன்று டச்டவுன். மூன்றாவதில் இரண்டு பேரை முதுகில் சுமந்துகொண்டு போய் விழுந்தான். பாவி, கண்ணீரே வந்துவிட்டது.

ஆட்டம் முடிந்த கையோடு கலியமூர்த்தி போன். “வாழ்த்துகள்மா! நீங்க ஜெயிச்சிட்டீங்க!” குரலில் அப்படி ஒரு குதூகலம். பின்னால் அவர் சம்சாரம், “கேசரி ரெடி, வர்றீங்களா?” என்பது தெளிவாகக் கேட்டது.

தோற்ற வீட்டில் கேசரியா?

போனை வைத்துவிட்டு நின்றேன். தலைசிறந்த ஓட்டக்காரனைச் சும்மா கொடுக்க வந்தவர். மாவுக்கட்டைக் கழற்ற மறுத்த டாக்டர். முறுக்கோடு உறைந்துபோன கை. அடப்பாவிகளா, அத்தனை பேரும் கேடிகள்!

டிசம்பர் 20, சனி

பொதுக்குழு. முதலில் பிரியாணி, பிறகு ஜனநாயகம்.

மயில்சாமி மைக்கைத் தட்டினார். “ஏனுங்க, இந்த வருசம் கடேசி எடம் நம்ம கலியமூர்த்திங்க. பாவம், என்ன பண்றது, அவருதான் செயலாளர்.”

கலியமூர்த்தி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார். “என் தலையெழுத்து. எல்லாரும் வற்புறுத்துறதால...”

நான் எழுந்தேன். பிரியாணித் தட்டை நாற்காலியில் வைத்தேன். “ஒரு நிமிஷம். என் வீட்டுக்காரருக்குச் செயலாளரா இருக்க ஆசை. அதுக்காக ரெண்டு வருஷமா வேணும்னே தோத்தாரு. இந்த வருஷமும் தோத்திருப்பாரு, நான்தான் கெடுத்தேன். கலியமூர்த்தி அண்ணனுக்கும் ஆசைதான். டாக்டருக்கும் ஆசை. ஆசைப்படுகவுங்க கையத் தூக்குங்க, ஓட்டுப் போட்டுருவோம்.”

யார் கையிலிருந்தோ கரண்டி விழுந்தது. இவர் இந்த நிமிஷமே தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்பதுபோல் நாற்காலியில் சறுக்கினார். பிறகு, மெதுவாக, ஒரு கை எழுந்தது. என் மனுஷனுடைய கை. அடுத்து டாக்டர். அடுத்து கலியமூர்த்தி, கேசரிக்காரி முழங்கையால் இடித்த பிறகு. கடைசி வரிசையிலிருந்து நாங்கள் யாரும் பார்த்தே இராத ஒருவர்கூடக் கை தூக்கினார். புதுசாம், டெட்ராய்ட்டிலிருந்து மாறி வந்தவராம்.

“இத்தன பேரா? அப்புறம் எதுக்குங்க வருசா வருசம் செருப்பப் பாத்தீங்க?” என்றார் மயில்சாமி. சங்கத்தின் சரித்திரத்தில் முதல் தேர்தல். பிரியாணித் தட்டுகளின் பின்பக்கத்தில் பெயர் எழுதிக் கொடுத்தோம். எண்ணி முடிப்பதற்குள் ஹாலே எண்ணெய் வாசனை.

தாணுமாலயன். இரண்டு தட்டு வித்தியாசம்.

மைக்கைப் பிடித்தார். “அவையோருக்கு வணக்கம்” என்றார். பிறகு மைக்கை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். “எனக்கு இந்தப் பதவி பிடிக்கும்” என்றார். மறுபடி தட்டிப் பார்த்தார். “ஆனா சங்க வேலையெல்லாம் இனிமே வெள்ளிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை நான் வர மாட்டேன். சனிக்கிழமைய எங்க வீட்ல கேட்டிருக்காங்க.”

பெண்கள் பக்கமிருந்துதான் கைதட்டல் கிளம்பியது. அடங்கவே இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. வேர்வை இல்லை.

டிசம்பர் 27, சனி

முதல் சனிக்கிழமை. இவர் வீட்டில் இருந்தார். காலையில் சேர்ந்து டீ குடித்தோம். அருமை. எட்டரைக்கு மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். ஒன்பதுக்கு நான் தோசை திருப்பும் முறையில் ஒரு திருத்தம் சொன்னார். ஒன்பதரைக்கு, எங்கள் வாசலில் நிற்கும் எங்கள் காரை யாராவது எடுக்கவும் என்று ஹாலில் நின்று சத்தமாக அறிவித்தார். பத்து மணிக்கு இன்னும் பத்து மணிதான் ஆகியிருந்தது.

மயில்சாமிக்குப் போன் பண்ணி, சங்கத்தில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டேன். பொங்கலுக்கு அண்டா எடுக்க ஆள் வேண்டுமாம். இரண்டு பேருமே போனோம். திரும்பும்போது அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு நான் பின் சீட்டில். முன்னாலிருந்து செயலாளர் அவர்கள் வீடு வரை பேசிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.